ஜான் மெக்லாக்லினை எந்த வரிசையில் கேட்பது: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வீட்டுக்கு இசை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினிடம் தோற்றுப் போனவர்கள். பெரிய கிதார் மேதை என்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை என்பார்கள். விசாரித்தால் எல்லோரும் இரண்டே இடங்களில்தான் வழுக்கியிருப்பார்கள். சிலர் 1969-ஆம் ஆண்டின் முதல் ஆல்பத்தில் தொடங்கி ஆண்டு வரிசையில் நடந்திருப்பார்கள். மற்றவர்கள் அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவின் ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’ ஆல்பத்தை முழு ஒலியில் வைத்துவிட்டு ஆறாவது நிமிடத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

கீழே உள்ள வரிசை ஆண்டுகளைப் பின்பற்றாது. மெக்லாக்லின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் பக்கத்தில் உட்காரும் தாளக்காரரை மாற்றிக்கொள்வார். தாளக்காரர் மாறியதும் கிதாரும் வேறொன்றாகிவிடும். எனவே இது தாளக்காரர்களின் வரிசை. கையில் தாளம் போட்டுப் பழகிய செவிக்கு எந்தக் கதவு எளிதில் திறக்குமோ அதில் தொடங்கி, கடினமான கதவுகளுக்குப் போகிறோம்.

1. தொடங்குமுன் தயாராக வேண்டியவை

நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும், அல்லது இடம் வலம் பிரித்துத் தரும் இரண்டு ஸ்பீக்கர்கள். கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கடத்தின் அடித்தொனி காணாமல் போகும்; பாஸ் கிதார் அறவே கேட்காது. இந்த இசையில் சுழற்சியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பாஸ்தான். அது கேட்காவிட்டால் மேலே நடப்பதெல்லாம் வெறும் கலவரமாகத் தோன்றும். எட்டாம் படிக்கு இடம் வலம் பிரிவு கட்டாயம்.

ஒவ்வொரு ஆல்பத்திலும் யார் யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சங்கீதக் கச்சேரிக்குப் போனால் வயலின் யார், மிருதங்கம் யார் என்று தெரிந்துகொண்டுதானே உட்காருவோம்? அதே பழக்கம் இங்கேயும் வேண்டும்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு ஆல்பத்துக்கு மேல் வேண்டாம். ஒரே உருப்படியை இரண்டு முறை கேட்பது இரண்டு உருப்படிகளை ஒரு முறை கேட்பதைவிட மேல்.

ஜாஸ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்தும் ஏழும் ஒன்பதும் எண்ணத் தெரிந்தால் போதும்: தகதகிட, தகிடதகதிமி, தகதிமிதகதகிட. இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

2. முதல் அமர்வு: ‘லோட்டஸ் ஃபீட்’ மட்டும்

‘சக்தி’ மெக்லாக்லின் இந்திய வித்வான்களோடு சேர்ந்து வாசித்த குழு. அதன் முதல் ஆல்பம் 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு, வெளியானது 1976-இல். அதில் மூன்றே உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிடம், கடைசியது ஏறத்தாழ அரை மணி நேரம். நடுவில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக ஒன்று இருக்கிறது, ‘லோட்டஸ் ஃபீட்’. அங்கே தொடங்குங்கள்.

வேகத்தை எடுத்துவிட்டால் மெக்லாக்லினிடம் என்ன மிஞ்சுகிறது என்பதை இதில்தான் தெளிவாகக் கேட்கலாம். மெட்டு நிதானமானது, ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்க வரும். எல். சங்கரின் வயலினும் கிதாரும் அதை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்று கவனியுங்கள்.

பிறகு இதே மெட்டின் வேறு இரண்டு பதிவுகளைக் கேளுங்கள். ஒன்று 1976-இல் வந்த ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ ஆல்பத்தில் உள்ள மின்னிசை வடிவம். மற்றொன்று 1997-ஆம் ஆண்டு பதிவான ‘ரிமெம்பர் சக்தி’யில், ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு வருவது. மெட்டை மாற்றாமல் பக்கத்தில் இருப்பவரை மட்டும் மாற்றினால் ஒரு வித்வானிடம் என்ன மாறுகிறது என்பதை மூன்று பதிவுகளும் சேர்ந்து சொல்லிவிடும். மீதிப் படிகள் அனைத்துக்கும் இதுதான் முன்னோட்டம்.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம்: வயலின் வாசிப்பது எல். சங்கர். அவருடைய அண்ணன் எல். சுப்பிரமணியமும் வயலின் மேதை, அவரும் மேற்கத்தியக் கலைஞர்களோடு நிறையப் பதிவு செய்தவர். இணையத்தில் தேடும்போது இருவரும் கலந்து வருவார்கள். கையில் எழுதி வைத்த பட்டியல் இதற்கும் உதவும்.

3. சக்தியை முழுதாகக் கேட்பது

அடுத்தது ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. சக்தியின் இரண்டாவது ஆல்பமான இது லண்டனில் ஸ்டுடியோவில் பதிவானது. முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்கச் சொல்கிறேன். நேரடி நிகழ்ச்சியின் ஆவேசம் இதில் இல்லை, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும்.

முதல் உருப்படி ‘லா தான்ஸ் து போனேர்’. பெயர் பிரெஞ்சு, தொடக்கம் கொன்னக்கோல். ஜாகிர் உசேனின் தபலாவும் டி.எச். விநாயக்ராமின் கடமும் வருவதற்கு முன் வாய்தான் பேசுகிறது. கேட்டவுடனே சிரித்துவிடுவீர்கள், பயம் போய்விடும். ‘கிருதி’ என்ற பெயரிலேயே மூன்று நிமிட உருப்படி ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால் ‘நம்ம கச்சேரிதானே’ என்று நினைத்து மற்றவற்றையும் அப்படியே எதிர்பார்ப்பீர்கள்.

அந்த எதிர்பார்ப்புதான் சங்கீதம் தெரிந்தவர்கள் செய்யும் பெரிய தவறு. ராகத்தைக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, இரண்டாம் நிமிடத்தில் ஒரு அன்னிய ஸ்வரம் விழுந்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். மெக்லாக்லின் ராகத்துக்குள் நிற்கும் இடங்கள் உண்டு, வேண்டுமென்றே தாண்டும் இடங்களும் உண்டு. ராகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கையைத் தொடையில் வைத்துத் தாளத்தைப் பிடியுங்கள். தாளத்தில் அவர் ஏமாற்றுவதில்லை.

இதன் பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்பி ‘ஜாய்’ கேளுங்கள். இங்கே தபலா, கடத்தோடு ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் இருக்கிறது. கிதாரும் வயலினும் ஒரே சொற்றொடரை ஒரே மூச்சில் வாசிக்கும் இடங்களில் கிதாரைத் தேடாதீர்கள். கடத்தை மட்டும் பின்தொடருங்கள், சொற்றொடர் எங்கே முடியப்போகிறது என்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நம் கச்சேரிகளில் கோர்வை முடியும் இடத்தை மிருதங்கத்திலிருந்து ஊகிப்போமே, அதே வித்தைதான்.

மூன்றாவது ஆல்பமான ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ 1977-இல் வந்தது. உருப்படிகள் சிறியவை, இலகுவானவை. காரில் போகும்போது கேட்கலாம்.

4. அந்தக் கிதாரைத் தெரிந்துகொள்வது

இந்தப் படியில் கேட்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் திணறுகிறார்கள்.

சாதாரணக் கிதாரில் விரல் கம்பியை அழுத்தும்போது அடியில் உள்ள மரத்தில் முட்டி நிற்கும். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். வீணையில் மெட்டுகள் (பாட்டின் மெட்டு அல்ல, கம்பிக்குக் கீழே உள்ள உலோகக் கட்டைகள்) மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும்; விரலுக்கு அடியில் வெற்றிடம். அதனால்தான் ஒரே மெட்டில் கம்பியை இழுத்து மூன்று ஸ்வரம் வரை போய் வர முடிகிறது.

சக்திக்காக மெக்லாக்லின் வாசித்த கிதார் கிப்சன் நிறுவனத்தின் ஜே-200 வகையைச் சேர்ந்தது. ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கென்றே செய்து கொடுத்தது. மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து குழிவாக்கியிருப்பார்கள். ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு சுருதிக் கம்பிகள். கம்பி அழுந்தவும் இழுபடவும் இடம் கிடைத்துவிட்டதால் கமகம் வருகிறது. பக்கத்தில் தம்புரா இல்லாமலே சுருதியும் வருகிறது.

இது வெறும் கருவிச் சங்கதி அல்ல. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் வீணை பயின்றவர். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் பாடம் கேட்டவர். வீணையைக் கையில் எடுத்தவருக்குச் சாதாரணக் கிதாரில் எது முடியாது என்பது தெரிந்திருக்கும். ஒருமுறை அந்தக் கிதாரின் படத்தைப் பார்த்துவிட்டு ‘லோட்டஸ் ஃபீட்’டை மறுபடி கேளுங்கள். முதல்முறை வயலின் என்று நினைத்த சில இடங்கள் கிதார் என்று தெரியவரும்.

5. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா: எண்ணிக்கொண்டே கேட்பது

இங்கேதான் பெரும்பாலோர் விழுகிறார்கள். அதனால் இந்தப் படியில் நிதானமாகப் போவோம்.

மெக்லாக்லின் தலைமையில் வெவ்வேறு காலங்களில் மூன்று குழுக்கள் இந்தப் பெயரைச் சுமந்தன: 1971 முதல் 1973 வரை ஒன்று, அதன் பின் 1975 வரை பெரிய குழு ஒன்று, பிறகு எண்பதுகளில் இன்னொன்று. நமக்கு வேண்டியது முதல் குழு. டிரம்ஸ் பில்லி கோபம், கீபோர்டு யான் ஹாமர், வயலின் ஜெரி குட்மன், பாஸ் ரிக் லெயர்டு. எண்பதுகளின் ஆல்பத்தை எடுத்துக் கேட்டுவிட்டு ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று கேட்டவர்கள் உண்டு.

‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’ 1971-இல் வந்தது. அதை முதல் உருப்படியிலிருந்து கேட்காதீர்கள். நான் தரும் வரிசை இது.

முதலில் ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’. டிரம்ஸ் கிடையாது, மின்சாரம் இல்லாத கிதார், பியானோ, வயலின் மட்டும். மூன்று பேருடைய குரலையும் இங்கே மனதில் பதிய வைத்துக்கொண்டால் இரைச்சலுக்கு நடுவிலும் அடையாளம் தெரியும். கூட்டத்தில் தேடப்போகும் ஆளை முன்கூட்டியே ஒருமுறை பார்த்து வைப்பது போல.

அடுத்து ‘யூ நோ யூ நோ’. மெதுவான சிறு சொற்றொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும், இடையிடையே டிரம்ஸ் வெடிக்கும். நான்கு எண்ணிக்கைதான். இருந்தாலும் சமத்தை, அதாவது சுழற்சியின் முதல் அடியை, தவறவிடுவீர்கள். தவறவிட்டால் நிறுத்தாதீர்கள், பாஸைப் பிடித்து மீண்டும் ஏறிக்கொள்ளுங்கள். இந்தத் திரும்ப ஏறும் பழக்கம் வந்துவிட்டால் இக்குழுவில் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது ‘டான்’, ஏழு. தகிடதகதிமி என்று சொல்லிக்கொண்டே கேட்கலாம். நான்காவது ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’, ஒன்பது. வேகம் அதிகம், வாயால் சொல்ல முடியாது, விரலால் எண்ணுங்கள்.

ஐந்தாவது ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கிதார் தனியாக, இருட்டான ஒரு சுழற்சியை வாசிக்கிறது: பத்து எண்ணிக்கை. சில நிமிடங்களுக்குப் பின் அது நின்று, திடீரென்று அமெரிக்க புளூஸ் இசை வருகிறது. தெருவோரக் கடையில் ரேடியோ பாடுவது போன்ற குஷியான நடை. ஆனால் நொண்டுகிறது. எண்ணிப் பார்த்தால் இருபது: ஆறு ஆறாக மூன்று முறை, பிறகு ஒரு இரண்டு. பத்தின் இரு மடங்கு. அதாவது இரண்டு பகுதிகளும் ஒரே அளவுகோலால் வெட்டப்பட்டவை. கடைசியில் அந்த இருண்ட சுழற்சி திரும்பி வந்து புளூஸின் மேலேயே ஏறி உட்காருகிறது, இரண்டும் பொருந்திவிடுகின்றன.

மிருதங்கம் கற்கும் என் அக்கா மகளுக்கு எதுவும் சொல்லாமல் இதைப் போட்டுக் காட்டினேன். ஜாஸ் என்ற சொல்லையே அவள் கேள்விப்பட்டதில்லை. புளூஸ் தொடங்கி நாலு சுற்று போனதும் தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது, பின் மறுபடி தொடங்கியது. முடிவில் இரண்டும் சேர்ந்தபோது “மாமா, முதல்லயே கணக்குப் போட்டு வெச்சுட்டாங்க” என்றாள். இருபது வருடம் கிதார் வாசித்த என் நண்பர் ஒருவருக்கு அதே உருப்படி ‘ஏதோ இரண்டு பாட்டை ஒட்டியது போல’ இருந்தது. அவர் கிதாரைக் கேட்டார், அவள் கணக்கைக் கேட்டாள்.

இவ்வளவும் ஆன பிறகு முழு ஆல்பத்தையும் அதன் சொந்த வரிசையில் ஒருமுறை கேளுங்கள். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தத் தோன்றாது.

அடுத்து 1973-இன் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’. தலைப்பு உருப்படி பதினெட்டு எண்ணிக்கை. அதை ஒன்பதும் ஒன்பதுமாகக் கையால் பிரிக்க முயன்று சோர்ந்து போகாதீர்கள். சுழற்சி எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் பிடித்தால் போதும். ‘ஒன் வேர்ட்’ உருப்படியில் கிதார், கீபோர்டு, வயலின் மூன்றும் மாறி மாறிப் பேசுகின்றன. முறை வர வர ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைத் தொடர்ந்து கோபமின் தனி.

இந்த ஆல்பத்தில் ஒரு பொறி உண்டு. யான் ஹாமர் தன் மூக் சிந்தசைசரில் ஸ்வரங்களை வளைத்து வாசிப்பதால் அது கிதார் போலவே ஒலிக்கும். ‘மெக்லாக்லின் என்னமாய் வாசிக்கிறார்’ என்று புதியவர்கள் வியக்கும் இடங்களில் சில ஹாமருடையவை. கிதாரில் ஒவ்வொரு ஸ்வரத்தின் முனையிலும் கம்பியை மீட்டும் ‘டிக்’ ஓசை இருக்கும், சிந்தசைசரில் அது இருக்காது. ஹெட்போனில் நன்றாகத் தெரியும்.

6. மைல்ஸ் டேவிஸிடம் போவது

இப்போது ஆண்டுகளில் பின்னோக்கிப் போகிறோம். 1969 பிப்ரவரியில் மெக்லாக்லின் லண்டனிலிருந்து நியூயார்க் வந்தார். அதே மாதம் 18-ஆம் தேதி ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் உட்கார்ந்தார். டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ்.

ஆல்பத்தின் இரண்டாவது பக்கத்தைக் கேளுங்கள். ஜோ ஜாவினுல் எழுதிய மெட்டில் இருந்த கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) மைல்ஸ் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே சுருதியின் மேல் நிற்கவைத்தார். கிதார் வாசிக்கவே தெரியாதவன் போல வாசி என்று மைல்ஸ் தன்னிடம் சொன்னதாக மெக்லாக்லினே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். தொடக்கத்தில் கேட்கும் அந்தத் தயங்கித் தயங்கி வரும் கிதார்தான் விளைவு. ஐந்தாம் படியை முடித்துவிட்டு இங்கே வந்தால் அந்தத் தயக்கத்தின் அருமை தெரியும். நேரே இங்கே வந்தவர்கள் ‘இவருக்கா இவ்வளவு பெயர்’ என்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பக்கத்தின் கடைசிச் சில நிமிடங்கள் தொடக்கத்தின் அதே டேப். தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி ஒட்டியது. மீண்டும் வாசிக்கப்படவில்லை, நாம்தான் நடுவில் இருந்ததைக் கேட்டுவிட்டு மாறியிருக்கிறோம்.

அடுத்து ‘எ டிரிபியூட் டு ஜாக் ஜான்சன்’ ஆல்பத்தின் ‘ரைட் ஆஃப்’. 1970 ஏப்ரல் 7 அன்று, மைல்ஸ் ஸ்டுடியோவின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபோது, மெக்லாக்லினும் பில்லி கோபமும் பாஸ் வாசித்த மைக்கேல் ஹென்டர்சனும் சும்மா வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நிமிடம் கழிந்ததும் கிதார் சட்டென்று வேறொரு சுருதிக்கு இறங்குகிறது. பாஸ் கவனிக்காமல் பழைய சுருதியிலேயே நிற்கிறது. சரியாக அந்த உரசலில்தான் மைல்ஸின் டிரம்பெட் உள்ளே நுழைகிறது. தவறு நடந்த நொடியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து அதையே அழகாக்குவதைக் கேட்க வேண்டுமானால் இந்த முப்பது விநாடிகளைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

‘பிட்சஸ் புரூ’வைக் கடைசியில் வையுங்கள். அதில் ‘ஜான் மெக்லாக்லின்’ என்றே ஒரு உருப்படி உண்டு. அதில் மைல்ஸ் வாசிக்கவில்லை என்பது வேடிக்கை.

7. டோனி வில்லியம்ஸ்

மெக்லாக்லின் நியூயார்க் வந்ததே டிரம்மர் டோனி வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’ குழுவுக்காகத்தான். 1969-இல் பதிவான ‘எமர்ஜென்சி!’ கேட்கும்போது உங்கள் ஹெட்போனைச் சந்தேகிக்காதீர்கள். அந்தக் கரகரப்பு ஒலிப்பதிவிலேயே இருப்பது. ஒலியைக் குறைத்து, ஆர்கன் வாசிக்கும் லேரி யங்கையும் டிரம்ஸையும் கவனியுங்கள். பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடலாம், ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கலாம்.

8. மூன்று கிதார்கள், தாளக்காரர் இல்லை

‘ஃபிரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’. 1980 டிசம்பர் 5, வார்ஃபீல்ட் அரங்கம். பாகோ தே லூசியா, அல் டி மியோலா, மெக்லாக்லின். உலகெங்கும் கிதார் மாணவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். நான் எட்டாம் படியில் வைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இதில் தாளத்தைச் சுமக்கவென்று தனி ஆள் கிடையாது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்தான் மேளம். மெக்லாக்லின் பின்னால் இருந்து தாங்கும் இடங்களில் எப்படி நடக்கிறார் என்பது, தாளக்காரர்களோடு அவரை முன்பே கேட்டவர்களுக்குத்தான் காதில் விழும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. இந்த ஆல்பத்தின் மிகப் புகழ்பெற்ற உருப்படி, ‘மெடிட்டரேனியன் சன்டான்ஸ்’, மெக்லாக்லின் இல்லாதது. பாகோவும் டி மியோலாவும் மட்டும் வாசிப்பது. அதைக் காட்டி ‘இவருடைய வேகத்தைப் பாருங்கள்’ என்று எனக்கே ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார்.

இதைத் தவிர்க்க ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பாகோ, நடுவில் மெக்லாக்லின், வலப்பக்கம் டி மியோலா. பாகோ விரலால் மீட்டுகிறார், ஒலி உருண்டையாக இருக்கும். டி மியோலாவுடையது எஃகுக் கம்பி, கூர்மையானது. மெக்லாக்லின் நைலான் கம்பியைப் பிக்கால் மீட்டுவதால் இரண்டுக்கும் நடுவில் கேட்கும். ‘ஃபிரெவோ ரஸ்காடோ’வில் பாகோவோடு, ‘ஷார்ட் டேல்ஸ் ஆஃப் தி பிளாக் ஃபாரஸ்ட்’டில் டி மியோலாவோடு, ‘ஃபான்டசியா சூட்’டில் மூவரும். இந்த மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள்.

9. எல்வின் ஜோன்ஸ்

மெக்லாக்லின் ஜாஸ்காரரே அல்ல என்று வாதிடுகிறவர்களை இந்தப் படிக்கு அழைத்து வாருங்கள். 1995-இல் வெளிவந்த ‘ஆஃப்டர் தி ரெயின்’ ஆல்பத்தில், சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் டிரம்மராக இருந்த எல்வின் ஜோன்ஸோடும் ஆர்கன் வாசிக்கும் ஜோயி டிஃபிரான்செஸ்கோவோடும் கோல்ட்ரேன் உலகத்து உருப்படிகளை வாசிக்கிறார். எண்ணிக்கை எல்லாம் எளியது. எல்வினின் தாளம் கணக்காக நடக்காது, அலை போலச் சுருண்டு வரும். ஐந்தாம் படியின் எண்ணும் பழக்கத்தை இங்கே கழற்றி வைத்துவிட வேண்டும்.

தாளமே வேண்டாம், மெட்டு மட்டும் போதும் என்ற இரவுகளுக்கு 1993-இன் ‘டைம் ரிமெம்பர்டு’ இருக்கிறது. ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் மெட்டுகளை மின்சாரம் இல்லாத கிதார்களில் வாசித்தது.

10. திரும்பி வந்த சக்தி

‘சக்தி’யும் ‘ரிமெம்பர் சக்தி’யும் வேறு வேறு குழுக்கள். முதலாவது எழுபதுகளுடையது; இரண்டாவது 1997-இல் தொடங்கியது. சௌரசியாவுக்குப் பிறகு மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வந்தார், விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார்.

1997 ஆல்பத்தில் ‘முக்தி’ என்ற ஒரே உருப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆர்வத்தில் அதிலிருந்து தொடங்கியவர்கள் பாதியில் தூங்கியிருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். அதற்குப் பதிலாக ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’யில் ‘கிரிராஜ் சுதா’வைக் கேளுங்கள். சங்கர் மகாதேவன் பாடுவது தியாகராஜரின் பங்காள ராகக் கிருதி. சாகித்யம் தெரிந்திருப்பதால் கிதார் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பதைப் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். ஒன்பது படிகளில் செய்ய வேண்டாம் என்று சொன்ன ராக ஆராய்ச்சியை இங்கே தாராளமாகச் செய்யுங்கள்.

ஸ்ரீனிவாஸ் 2014-இல் மறைந்தார். 2023-இல் வந்த ‘திஸ் மொமன்ட்’ ஆல்பம் அவரை நினைத்து வைத்த ‘ஸ்ரீனிஸ் டிரீம்’ உருப்படியோடு தொடங்குகிறது. இதில் வயலின் கணேஷ் ராஜகோபாலன். அடுத்த ஆண்டு கிராமி விருது வாங்கிய ஆல்பம் இது. அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்ச் சேர்ந்தார். ஆல்பத்தைக் கேட்டுவிட்டு மூன்றாம் படியின் ‘ஜாய்’ உருப்படியைப் போடுங்கள். இருபத்து நான்கு வயது ஜாகிர் கேட்பார்.

11. கடைசியாக, முதல் ஆல்பம்

எல்லோரும் தொடங்கும் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ இப்போதுதான். 1969 ஜனவரியில் லண்டனில் பதிவானது. ஜான் சர்மன் சாக்ஸஃபோன், டோனி ஆக்ஸ்லி டிரம்ஸ். இதைத் தொடுவதற்கு முன் இன்னொரு சிறு வேலை இருக்கிறது.

1971-இன் ‘மை கோல்ஸ் பியாண்ட்’ ஆல்பத்தை எடுத்து, தனிக் கிதார் உள்ள பக்கத்தை மட்டும் கேளுங்கள். மறுபதிப்புகளில் இரண்டு பக்கங்களும் இடம் மாறியிருக்கும். தபலா கேட்டால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள். அதில் ‘ஃபாலோ யுவர் ஹார்ட்’ என்று ஒன்று வரும். பதினொன்று எண்ணிக்கை. மெட்டு மனதில் நிற்கும்வரை இரண்டு மூன்று முறை ஓடவிடுங்கள்.

அப்புறம் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ ஆல்பத்தின் மூன்றாவது உருப்படி, ‘ஆர்யென்ஸ் பேக்’. பெயர் வேறு, குழு வேறு, இரண்டு ஆண்டு முந்தையது. சாக்ஸஃபோன் மெட்டை எடுத்ததும் உங்கள் கை தானாகவே பதினொன்றைப் போடத் தொடங்கியிருக்கும்.